மாற்றுத்திறனாளி நீச்சல் கற்க: பேட்ச்சா, தனிப் பயிற்சியா, வெந்நீர்க் குளமா?

போலியோவில் ஒரு கால் சூம்பியவர், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு வீல்சேரில் இருப்பவர், பிறவியிலேயே ஒரு பக்கக் கையும் காலும் இறுகியிருப்பவர், தொடைவரை கால் எடுக்கப்பட்டவர். நீச்சல் கற்க ஆசைப்பட்டால் நால்வரும் கேட்பது ஒன்றுதான்: எங்கே சேரலாம்? தமிழ்நாட்டு நகரங்களில் நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. அரசுக் குளத்திலோ மாநகராட்சிக் குளத்திலோ பத்துப் பதினைந்து பேரோடு பேட்ச்சில் சேரலாம். அபார்ட்மென்ட், ஹோட்டல், கிளப் குளம் ஒன்றில் தனியாகக் கோச் வைத்துக்கொள்ளலாம். மறுவாழ்வு மையத்திலோ பெரிய மருத்துவமனையிலோ உள்ள வெந்நீர்க் குளத்தில் ஃபிசியோதெரபிஸ்ட்டோடு தொடங்கலாம். ஊர்ப்பக்கம் போனால் நான்காவதாகக் கிணற்றைக் காட்டுவார்கள். அதையும் விட்டுவிடப் போவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கைகளில் தெம்பு இருக்கும் பெரும்பாலானோருக்குத் தனிப் பயிற்சிதான் நல்ல தொடக்கம். தசை இறுக்கம் அதிகம் உள்ளவர்களும், தண்டுவடக் காயம் பட்டு ஓராண்டு இரண்டாண்டுக்குள் இருப்பவர்களும், குளிர் பட்டாலே கால் மரத்துப்போகிறவர்களும் முதல் நாலைந்து முறை வெந்நீர்க் குளத்துக்குப் போய்விட்டு வருவது நல்லது. பேட்ச் மலிவு. ஆனால் அதற்கு உரிய இடம் இரண்டாம் கட்டம். நீருக்குள் தானாகப் புரண்டு முகத்தை மேலே கொண்டுவரத் தெரிந்த பிறகு அதில் சேருங்கள். ஏன் இப்படி வரிசைப்படுத்துகிறோம் என்பது, தண்ணீர் உங்கள் உடம்பை என்ன செய்கிறது என்று தெரிந்தால் தானே விளங்கும்.

உடம்பு புரளும் திசை

இரண்டு பக்கமும் ஒரே எடையுள்ள உடம்பு மல்லாந்து படுத்தால் மட்டமாக மிதக்கும். ஒரு பக்கம் லேசானால் அந்தப் பக்கம் மேலே வரும், கனமான பக்கம் கீழே போகும். வலது கால் எடுக்கப்பட்டவர் மல்லாந்தால் வலப்பக்கம் தூக்கிக்கொண்டு இடப்பக்கமாக உருளுவார். சூம்பிய போலியோ காலும் இப்படித்தான். அதில் தசை குறைவு என்பதால் மேலே வந்து நிற்கும், நல்ல கால் இழுத்துக்கொண்டு இறங்கும். பக்கவாதம் வந்தவர்களும் பிறவியில் ஒரு பக்கம் இறுகியவர்களும் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பக்கமாகவே சாய்வார்கள். இதைத் திருத்துவது தலை. உடம்பு இடப்பக்கம் உருண்டால் முகத்தை மெல்ல வலப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு விரல்கடை திருப்பினாலே போதும். வேகமாக வெட்டித் திருப்பினால் உடம்பு மறுபக்கம் புரண்டு, வாயில் தண்ணீர் போகும்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களின் சிக்கல் வேறு. துவண்ட கால்கள் மூழ்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அவை மிதக்கும். மிதப்பதில்தான் தொல்லையே. குப்புறப் படுக்கும்போது கால் மேலே வந்தால் முகம் கீழே அழுந்தும். மற்றவர்கள் காலை ஊன்றி நின்றுவிடுவார்கள், இவர்களுக்கு அது கிடையாது. கால்கள் துவளாமல் இறுகுகிறவர்களுக்கோ குளிர் பட்டதும் இரண்டு காலும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும், அல்லது இடுப்பு சட்டென்று மடங்கும்.

ஆக, இவர்கள் யாருக்குமே காலடிப்பது முதல் பாடமாக இருக்க முடியாது. குப்புறக் கிடக்கும் நிலையிலிருந்து மல்லாந்து திரும்பி மூச்செடுப்பதுதான் முதல் பாடம். மல்லாந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்காருவது அடுத்தது. இந்த இரண்டையும் எவர் முதலில் சொல்லித் தருகிறாரோ அவரிடம்தான் சேர வேண்டும். மற்ற ஒப்பீடெல்லாம் இதற்குப் பிறகு.

கரையைப் பாருங்கள்

குளம் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் எவ்வளவு நீலமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார்கள். நீங்கள் கரையைப் பாருங்கள். எல்லோரும் எப்படியோ உள்ளே இறங்கிவிடுகிறார்கள். களைத்துப்போன உடம்போடு மேலே வருவதில்தான் பாதிப் பேர் திணறி, மூன்றாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள்.

சில குளங்களில் தண்ணீர் கரைமட்டம் வரை தளும்பி, ஓரத்துச் சல்லடைக்குள் வழிந்தோடும். இவை ஓவர்ஃப்ளோ குளங்கள். வேறு சிலவற்றில் தண்ணீர் கரைக்கு ஒரு சாண் கீழே நிற்கும், சுவரில் சதுர வாய் போன்ற ஸ்கிம்மர் தெரியும். கையூன்றி ஏற வேண்டியவருக்கு இந்த ஒரு சாண் பெரிய வித்தியாசம். ஓவர்ஃப்ளோ குளத்தில் நெஞ்சைக் கரைமேல் சரித்து, வயிறுவரை வழுக்கி ஏறிப் புரண்டு உட்கார்ந்துவிடலாம். சல்லடையின் இடுக்கில் விரல் கொடுத்துப் பிடிக்கவும் முடியும். ஸ்கிம்மர் குளத்தில் உங்கள் முழு எடையையும் தோள்தான் தூக்க வேண்டும். வீல்சேர் தள்ளித் தள்ளி ஏற்கெனவே தேய்ந்த தோளுக்கு அது அதிகம்.

சுவரோடு ஒட்டிய செங்குத்து ஏணி, கால் பலமில்லாதவர்களுக்கு உதவாது. குளத்துக்குள் அகலப் படிகளும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் இருந்தால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். சாய்தளமோ லிஃப்ட்டோ உள்ள குளம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அமெரிக்கத் தரவிதிகள் சாய்தளத்துக்கு 1:12 சரிவும், லிஃப்ட்டுக்குக் குறைந்தது 136 கிலோ தாங்கும் திறனும் கேட்கின்றன. கட்டுமானம் செய்யும் சங்கத்தோடு பேசும்போது இந்த எண்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016இன் 30ஆம் பிரிவு விளையாட்டுக் கட்டமைப்புகளை மாற்றியமைக்கச் சொல்கிறது. கோரிக்கை மனுவில் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டால் மனுவுக்குக் கொஞ்சம் எடை கூடும்.

வீல்சேரிலிருந்து இறங்குவதை நிதானமாகப் பார்ப்போம். வீல்சேரின் இருக்கை தரையிலிருந்து சுமார் 45 முதல் 50 செ.மீ. உயரம். ஒரே தாவலில் தரைக்கு வந்தால் வால் எலும்பு அடிபடும். நடுவில் ஒரு அடி உயரத்துக்கும் கொஞ்சம் குறைவான, வழுக்காத முக்காலியோ பெட்டியோ வேண்டும். பிளாஸ்டிக் முக்காலி ஈர டைல்ஸில் நகரும், அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். கரையில் யோகா மேட்டை இரண்டாக மடித்து, அதன் முனை தண்ணீருக்குள் தொங்குமாறு போடுங்கள். இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டு, சேரிலிருந்து முக்காலிக்கும் முக்காலியிலிருந்து மேட்டுக்கும் மாறுங்கள். காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கித் தண்ணீரில் விடுங்கள். உதவியாளர் நீருக்குள் எதிரே நிற்பார். உங்கள் கைகள் அவர் தோளில் இருக்கட்டும். தலையை முன்னால் சாய்த்துக்கொண்டே இறங்க வேண்டும். பயத்தில் தலையைப் பின்னால் இழுத்தால் முதுகு கரையில் உரசிக்கொண்டே போகும். உணர்வில்லாத முதுகில் அந்தச் சிராய்ப்பு அன்றைக்குத் தெரியாது, மறுநாள் படுக்கை விரிப்பில்தான் தெரியும்.

ஊன்றுகோலோடு வருகிறவர்கள் அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைப் புதிதாக மாற்றிவிட்டே குளத்துக்குப் போங்கள். தேய்ந்த புஷ் ரோட்டில் தாங்கும், ஈர டைல்ஸில் தாங்காது. பலமில்லாத காலைத் தாங்கும் காலிப்பரைக் கரைவரை போட்டுவந்து நாற்காலியில் உட்கார்ந்து கழற்றுவது உத்தமம். செயற்கைக் கால்களில் ஜெய்ப்பூர் கால் ஈரத்துக்கு அஞ்சாது, கரைவரை அதோடு நடந்து வரலாம். நீருக்குள் வேண்டாம். கூட்டுக்குள் அடைபட்ட காற்று காலை மேலே தூக்கி உங்களைக் குப்புறத் தள்ளும். உலோக மூட்டு உள்ள மற்ற வகைக் கால்களைக் குளோரின் தண்ணீர் அரித்துவிடும்.

பேட்ச்

சென்னை வேளச்சேரி, மதுரை, திருச்சி போன்ற இடங்களில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையக் குளங்கள் இருக்கின்றன. சென்னையில் மெரினா மாநகராட்சிக் குளமும் உண்டு. கட்டணம் குறைவு, லைஃப்கார்டு இருப்பார், தண்ணீரை ஒழுங்காகச் சுத்திகரிப்பார்கள். இவை சின்னச் சாதகங்கள் இல்லை. பல அபார்ட்மென்ட் குளங்களில் லைஃப்கார்டு என்ற பேச்சே கிடையாது.

பேட்ச்சின் கோளாறு பாடத்தின் வரிசையில் இருக்கிறது. கோச் கரையில் நிற்பார். முதல் நாள் தொடங்கி நாலைந்து நாள் எல்லோரும் சுவரைப் பிடித்துக் காலடிக்க வேண்டும். அடுத்து கிக்போர்டு என்ற மிதவைப் பலகையைப் பிடித்துக் காலடிப்பது, அடுத்து முகத்தை அமிழ்த்துவது. கோடை முகாம் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். கால் அசையாதவர் அதில் பாதியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தே கழிப்பார். கோச்சுக்கு மனமில்லாமல் இல்லை. பதினைந்து பேரை விட்டுவிட்டு ஒருவருக்காக நீருக்குள் இறங்க அவரால் முடிவதில்லை, அவ்வளவுதான். அதோடு கூச்சல், விசில், பக்கத்தில் யாராவது தொப்பென்று குதிப்பது. பெருமூளை வாதம் உள்ள சிலருக்குத் திடீர்ச் சத்தத்தில் கை கால் உதறி விரியும், அந்த நொடியில் முகம் நீருக்குள் போய்விடும்.

உதவியாளர் விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெண்கள் பேட்ச்சில் கணவரோ அண்ணனோ உள்ளே வர முடியாது. ஆண்கள் பேட்ச்சில் அம்மா வர முடியாது. வளர்ந்த மகனை இத்தனை வருடமும் தூக்கி இறக்கியது அம்மாதான் என்றாலும் அதுதான் நிலை. அதே பாலினத்தில் பலமுள்ள ஒருவர் உங்களுக்குக் கிடைப்பாரா, அவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா, அவர் நைலான் உடை போட வேண்டுமா, வீல்சேரைக் கரைவரை கொண்டுவர விடுவார்களா, உடை மாற்றும் அறையின் கதவு வீல்சேர் நுழையும் அகலமா. கவுன்டரில் கேட்க வேண்டியவை இவை. போனில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நேரில் போய் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

கூட்டம் குறைந்த நேரம் வேண்டுமென்று மதியம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வெயில். சித்திரை வைகாசியில் திறந்தவெளிக் குளத்தின் கரை டைல்ஸ் தோசைக்கல்லாகக் காயும். உணர்வில்லாத தொடையை அதில் வைத்து உட்கார்ந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியவரும். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, மேட் போட்டு, அதையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள். வார நாளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்பியதும் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் இருப்பதில் நல்லது.

வெந்நீர்க் குளம்

போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சிகிச்சைக் குளத்தில் 33 முதல் 36 வரை வைப்பார்கள். இந்த ஏழெட்டு டிகிரியில் இறுகிய தசை தளரும், வலி குறையும், பயமும் கொஞ்சம் விலகும். மார்கழிக் காலையில் மாநகராட்சிக் குளத்தில் முழங்கையை மடக்கிக்கொண்டு நடுங்கும் ஒருவர், இங்கே பத்து நிமிடத்தில் கையை நீட்டிவிடுவார்.

ஆழமும் கணக்கோடு இருக்கும். இடுப்பளவு நீரில் உங்கள் எடையில் ஏறக்குறையப் பாதிதான் காலில் இறங்கும். நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. தரையில் இரண்டு அடி எடுத்து வைக்க முடியாதவர் நெஞ்சளவு நீரில் கைத்தாங்கலாக நடப்பது இதனால்தான். ஆனால் ஆழம் கூடக் கூட நீர் நெஞ்சை அழுத்தும். தசைச் சிதைவு நோய் உள்ளவர்களுக்கும், கழுத்தை ஒட்டித் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் மூச்சு முட்டலாம். அவர்கள் நுரையீரல் பரிசோதனை முடித்து, இடுப்பளவு நீரில்தான் தொடங்க வேண்டும்.

எல்லோருக்கும் வெந்நீர் ஒத்துக்கொள்ளாது. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களைச் சூடு துவளவைக்கும். அவர்களுக்கு சாதாரணக் குளத்தின் குளுமையே மேல். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், ஆறாத புண் இருப்பவர்களை மருத்துவர் அனுமதி இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அது சரியும்கூட.

வெந்நீர்க் குளத்தின் எல்லை எங்கே? குளம் சிறியது, நாலு வீச்சில் சுவர் வந்துவிடும். அந்தச் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் மும்முரமாக நீந்தினால் தலை சுற்றும். ஃபிசியோதெரபிஸ்ட்டின் குறிக்கோள் மூட்டும் தசையும்தான். நீச்சல் அவருக்குத் துணைப் பொருள். இங்கே மிதக்கவும் மூச்சை ஊதவும் புரளவும் கற்றுக்கொண்டு வெளியேறுங்கள். மாதக்கணக்கில் தங்க வேண்டாம். இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர் முரளிகாந்த் பேட்கர். 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ராணுவ வீரர் அவர். சிகிச்சைக்காகத் தொடங்கிய நீச்சலில் 1972 ஹைடெல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது.

தனிக் கோச்

செலவு பேட்ச்சைவிடச் சில மடங்கு. அந்தப் பணத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது ஒருவருடைய இரண்டு கைகள். கோச் கரையில் நின்றே சொல்லித் தருபவர் என்றால் கொடுத்த காசு வீண். நீருக்குள் உங்கள் தோளோடு தோளாக நிற்பவர்தான் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு முறை இருக்கிறது: ஹாலிவிக். லண்டனிலிருந்த ஹாலிவிக் என்ற மாற்றுத்திறனாளிச் சிறுமியர் பள்ளியில், ஜேம்ஸ் மெக்மில்லன் 1949இல் உருவாக்கத் தொடங்கியது. நீரியக்கம் அறிந்த பொறியாளர் அவர். ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர், மிதவை எதுவும் கிடையாது, பத்துப் படிகள். முதல் படி தண்ணீருக்கு மனதைப் பழக்குவது. அடுத்து வரும் படிகள் பக்கவாட்டில் சாய்வது, படுத்து எழுவது, உருள்வது என்று உடம்பின் சுழற்சியைக் கட்டுப்படுத்துபவை. கை வீசி நீந்துவது கடைசிப் படியில்தான் வருகிறது. பேட்ச் பாடத்தின் வரிசையைத் தலைகீழாகக் கவிழ்த்தது மாதிரி.

உங்கள் ஊர்க் கோச் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவராக இருக்கலாம். பரவாயில்லை. இரண்டே கேள்வி கேளுங்கள், மூன்றாவதை அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். “முதல் நாள் என்ன செய்வீர்கள்?” என்றதற்கு “காலடிக்கச் சொல்வேன்” என்றால் வேறு ஆளைப் பாருங்கள். “நான் குப்புற விழுந்தால் எப்படித் திரும்புவேன்?” என்றதற்கு “நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க” என்பது பதில் ஆகாது. “உங்களுக்கு எந்தப் பக்கம் பலம்?” என்று நீங்கள் சொல்லாமலே அவர் உங்களிடம் கேட்டால் அவரை விடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்குச் சொல்லித் தந்த அனுபவம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கேட்டுக் கற்றுக்கொள்கிற இளைஞர், எல்லாம் தெரிந்த பெரியவரைவிடத் தேவலாம்.

பிடிக்கும் இடத்தையும் கவனியுங்கள். மல்லாந்து படுக்கும்போது கோச்சின் கை உங்கள் இடுப்பெலும்புக்கு அருகில், உள்ளங்கை விரிந்து தாங்க வேண்டும். அக்குளிலோ கழுத்திலோ பிடித்தால் உங்கள் தலை அவர் கைக்கு அடிமையாகிவிடும், தலையால் திருத்துவதைக் கற்கவே முடியாது. இறுகிய கையைப் பிடித்து இழுப்பதும் கூடாது. பக்கவாதத்தில் தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும். எலும்பு நொறுங்கும் நோய் உள்ள பிள்ளைகளைக் கை காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, உடம்பின் அடியில் கை கொடுத்தே தாங்க வேண்டும்.

குப்புறக் கிடந்து திரும்புவது இப்படி: முதலில் மூக்கால் மெல்ல ஊதிக்கொண்டே இருங்கள். எந்தப் பக்கம் திரும்ப வருகிறதோ அந்தத் தோளை நோக்கி முகத்தைத் திருப்புங்கள். எதிர்க் கையை நெஞ்சுக்குக் குறுக்கே அதே பக்கம் கொண்டுபோங்கள். தோள் திரும்பும், இடுப்பு பின்தொடரும், வாய் நீருக்கு மேலே வரும். மூன்று நாலு நொடி வேலை. பதறித் தலையை நேராக மேலே தூக்கினால் இடுப்பு அமிழும், வாய் மேலே வரவே வராது. புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இதுதான். மல்லாந்த நிலையிலிருந்து நிமிர, தாடையை நெஞ்சோடு சேர்த்து, கைகளை முன்னால் கால்விரலைத் தொடப்போவதுபோல நீட்ட வேண்டும். இடுப்பு இறங்கி உட்கார்ந்த நிலை வந்ததும் தலையை நிமிர்த்தலாம். இரண்டையும் எவரும் தொடாமல் பத்து முறை தொடர்ந்து செய்ய வந்தால் பேட்ச்சுக்கு மாறிக்கொள்ளலாம்.

மிதவைகள்

காற்றடைத்த கைப்பட்டை தோளைத் தூக்கி இடுப்பைத் தொங்கவிடும். லைஃப் ஜாக்கெட் நிமிர்த்தியே வைத்திருக்கும், அதைப் போட்டுக்கொண்டு புரளக் கற்க முடியாது. படகுக்குத்தான் அது. நூடுல் என்கிற நீளக் குழாய் அக்குளிலிருந்து நழுவினால் ஆள் குப்புறக் கவிழ்வார். தொடைகளுக்கு நடுவே வைக்கும் ‘புல் பாய்’ (pull buoy) என்ற மிதவைக் கட்டையை இடுக்கிப் பிடிக்கத் தசை வேண்டும். உணர்வில்லாதவர்கள் அகலப் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே மிதக்கும் கால் இன்னும் உயர்ந்து முகத்தை அழுத்துகிறதா என்று முதலில் கோச்சின் கைக்குள் வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் தேர்வு, கட்டை கட்டையாகக் கோத்த இடுப்பு பெல்ட். பக்கத்துக்கு ஒன்றாகக் கூட்டியும் குறைத்தும் சமன்செய்யலாம், பழகப் பழக ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

கிணற்றுப் பாணியின் சிக்கலும் மிதவையில்தான் தொடங்குகிறது. முதுகில் சுரைக்குடுக்கை, அது போய் இப்போது ஐந்து லிட்டர் கேன். இடுப்பில் கயிறு கட்டி, மேலேயிருந்து தள்ளிவிட்டால் கை காலை உதறி நீந்தப் பழகிவிடுவார்கள் என்பது ஊர் வழக்கம். உதறுகிற காலை நம்பிய முறை அது. முதுகில் கட்டிய கேன் முதுகைத்தான் தூக்கும். தலையைத் தூக்கிப் பிடிக்கும் கழுத்துப் பலமும் அடிக்கிற காலும் இல்லாதவருக்கு முகம் நீருக்குள்ளேயே இருக்கும், மல்லாந்து திரும்பவும் கேன் விடாது. கிணற்றில் ஆழமில்லாத இடம் கிடையாது, ஏறுவதற்கு இருப்பவை சுவரில் நீட்டிய கற்கள். வேண்டாம். கடலும் அப்படியே. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். அலையை அருகில் போய்ப் பார்க்க அருமையான ஏற்பாடு. நீந்திப் பழகும் இடமாக அதை நினைக்க வேண்டாம்.

எந்த நீச்சல் முதலில்

மல்லாந்து நீந்துவதா, ஃப்ரீஸ்டைலா? கோச்சுகள் ஃப்ரீஸ்டைலை விரும்புவார்கள். அதில் மூச்சுக்காக ஒவ்வொரு முறையும் உடம்பை உருட்ட வேண்டும், ஒரு பக்கம் கனமானவருக்கு ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் பாடாகவும் இருக்கும். மல்லாந்தால் முகம் எப்போதும் காற்றில். இரண்டு கையையும் ஒன்றாகப் பக்கவாட்டில் வீசித் தொடைக்கு இழுத்தால் கால் இல்லாமலே உடம்பு நகரும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுப்பதால் உருளாது. ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர் அந்தக் கையை இடுப்பருகே வைத்து உள்ளங்கையால் எட்டுப் போடுவதுபோலத் துழாவினால் நேராகப் போவார். பெரிதாக வீசினால் வட்டமடிப்பார். மல்லாந்தவருக்கு முன்னால் சுவர் தெரியாது என்பது ஒன்றே குறை. சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் மேலே கொடிக் கயிறு கட்டிய குளமானால் அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம்.

போட்டியில் ஆசை வந்தால், உடல் குறைபாட்டுப் பிரிவுகள் எஸ்1 முதல் எஸ்10 வரை. எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். குதித்துத் தொடங்க முடியாதவர்கள் நீருக்குள்ளிருந்தே தொடங்க விதி இடம் தருகிறது. ஆகவே டைவ் தெரியவில்லை என்று தயங்க வேண்டியதில்லை.

தண்ணீரில் இறங்கும் முன்

தண்டுவடம் மார்புப் பகுதியின் ஆறாம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் சிறுநீர்ப்பையைக் காலி செய்யாமல் இறங்கவே கூடாது. நிறைந்த பை ரத்த அழுத்தத்தைக் குபீரென்று ஏற்றிவிடும். தலை பிளப்பதுபோல வலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்வை இவையே அறிகுறிகள். உடனே வெளியேற்றி நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர் போக வழி செய்ய வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவமனைதான். கோச்சுக்கும் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். மலம் கழிக்கும் நேரத்தையும் வகுப்புக்கு முன்பாக அமையுமாறு பழக்கிக்கொள்ளுங்கள். வலிப்பு வரும் வாய்ப்பு இருந்தால் லைஃப்கார்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உணர்வில்லாத காலுக்கு முழு நீள நைலான் லெகிங்ஸும் சாக்ஸும் போடுங்கள். கால்விரல் சொரசொரப்பான தரையில் இழுபட்டுத் தோல் உரிவது சாதாரணமாக நடப்பது. பருத்தி உடையைக் குளத்தில் விடமாட்டார்கள், நனைந்தால் கனக்கவும் செய்யும். எடுத்த காலின் மீதிப் பகுதியான ஸ்டம்ப்பில் சிவப்போ கொப்புளமோ இருந்தால் அன்று லீவு. குளித்துத் துடைத்த பிறகு ஸ்டம்ப் ஈரம் முழுக்கக் காய்ந்தால்தான் செயற்கைக் காலை மாட்ட வேண்டும், வீட்டுக்குக் கிளம்ப அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். குளத்தின் ஆழமான பக்கத்தில் அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் அன்றைக்குப் பணம் கட்டியிருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

போலியோ வந்து இருபது முப்பது வருடம் கழித்து மீண்டும் பலவீனம் தட்டுகிறவர்கள் களைப்படையும்வரை நீந்தக் கூடாது. களைத்த தசை அவர்களுக்கு மெதுவாகத்தான் மீளும். கோச் “இன்னும் ஒரே ஒரு லேப்” என்று சொல்லும்போது நிறுத்திவிடுங்கள். முதல் வகுப்பில் யாராக இருந்தாலும் தண்ணீரில் இருபது நிமிடம் போதும். இறங்க, ஏற, உடை மாற்ற என்று மீதி நேரம் அதுவாகவே ஓடிவிடும். மேலே ஏறிவர எத்தனை பேர், எத்தனை நிமிடம் ஆனது என்று அன்றே குறித்துவையுங்கள். நாலாவது வகுப்பிலும் அந்தக் கணக்கு குறையவில்லையென்றால், கோச்சை மாற்றும் முன் குளத்தை மாற்றிப் பாருங்கள்.